என் தங்கச்சியின் குரல் தெருவால் போனது

1

எங்கள் தெரு விளக்குக் கம்பங்களில் இப்போது முகங்கள் தொங்குகின்றன. டென்மார்க்கில் தேர்தல் வந்தால் இதுதான் வழக்கம். வேட்பாளரின் படத்தைப் பெரிய மட்டையில் அச்சடித்து, பிளாஸ்டிக் பட்டியால் கம்பத்தின் கழுத்தில் இறுக்கிவிட்டுப் போவார்கள். மழை நனைக்கும், காற்று திருப்பும். விடியும் முன்னர் வேலைக்கு நடந்து போகிறபோது கம்பத்துக்கு ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பார். விளக்குக் கம்பத்தில் ஒரு மனித முகத்தைக் கண்டால் ஆட்களைச் சுட்டுக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போன காலத்தைக் கண்ட எங்கள் வயதுக்காரருக்கு என்ன ஞாபகம் வரும் என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இங்கே அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிடுவேன்.

அந்த முகங்களில் சிலதைக் கட்டியவள் கிர்ஸ்டன். நானும் அவளும் முதியோர் இல்லத்தின் குசினியில் ஒன்றாக வேலை செய்கிறோம். ஏணியில் நின்று தன் கட்சிக்காரனின் படத்தைக் கட்டிக்கொண்டே, "இந்த மனுசனுக்கு வயதானவர்களின் விசயத்தில் ஒரு மண்ணும் தெரியாது" என்று அவனையே திட்டுவாள். "மெல்லமாகச் சொல்லு, உங்கள் ஆட்கள் காதில் விழப்போகிறது" என்பேன். "விழட்டுமே, அவனுக்கு நேரிலேயே சொல்லியிருக்கிறேன்" என்பாள். இதுவும் ஒரு நாடுதான், இங்கேயும் மனுசர் இருக்கிறார்கள் என்று வாயைப் பிளந்துகொண்டு ஏணியைப் பிடிப்பேன்.

போன கிழமை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது கிர்ஸ்டன் தன் போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். எங்கள் இல்லத்தில் ஆட்குறைப்புச் செய்யப்போகிறார்கள் என்பதைப் பற்றி அவள் பேஸ்புக்கில் சூடாக எழுதியிருந்தாள். அதற்குக் கட்சியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. "உங்கள் வெளிப்படையான கருத்துக்கு நன்றி. அதை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது. அடுத்த முறை முதலில் நமக்குள்ளே பேசிக்கொள்வோம்." முடிவில் ஒரு சிரிக்கும் முகம் வேறு.

நான் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தேன். கிர்ஸ்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு மின்னஞ்சலோடு போயிற்று. என்னுடைய தங்கச்சிக்கு என்ன நடந்ததென்று கேள்" என்று தொடங்கினேன். சாவு அறிவிக்கிற ஓட்டோ என்பதை டேனிஷில் எப்படிச் சொல்வது? நான் ஒட்டவைத்த சொல்லைக் கேட்டு அவள் பிணம் ஏற்றுகிற வாகனம் என்று நினைத்துவிட்டாள். அதைத் திருத்துவதற்குள் மத்தியானச் சாப்பாட்டு வண்டி தள்ளுகிற நேரம் வந்துவிட்டது. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

2

தங்கச்சி மங்களா முள்ளியவளையில் இருக்கிறாள். அவளுடைய மனுசன் செல்வராஜ் ஓட்டோ ஓட்டுகிறவர். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்த சனத்தின் பிள்ளை. நாங்களோ யாழ்ப்பாணத்திலிருந்து வயல் செய்ய வந்து, நாளடைவில் முள்ளியவளைக்காரராகிப் போனவர்கள். அந்தக் கலியாணத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். செல்வராஜின் தாய் தகப்பன் இருக்கிற குடியிருப்பு குளத்துக்குக் கீழே இருக்கிறது. இத்தனை காலம் இருந்தும் அந்தச் சனத்தின் கையில் காணிக்கு ஒரு பேர்மிற் கிடையாது. அரசாங்கம் எழுதித் தருகிற அந்த அனுமதி இல்லாவிட்டால் இன்றைக்கு இருக்கிற வீடு நாளைக்கு உங்களுடையது இல்லை.

ஊரில் யாராவது மோசம் போனால், அதுதான் செத்துப்போனால், செல்வராஜின் ஓட்டோக் கூரையில் ஸ்பீக்கர் ஏறும். மங்களா பின்சீற்றில் மைக்கோடு இருப்பாள். "முள்ளியவளையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று ஆறுதலாக இழுத்துத் தொடங்குவாள். பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு எடுப்பாள். அந்த மூச்சுக்குள் தெரு முழுவதும் நின்றுவிடும். அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டுப் பெண்கள் வாசல் படலைக்கு வருவார்கள். சைக்கிளில் போகிறவன் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நிற்பான். பிறகுதான் பெயர் வரும்.

போனில் எல்லாச் செய்தியும் வருகிற காலத்தில் இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். போனில் வருவதை யார் நம்புகிறார்கள்? போனில் செத்துப்போன எத்தனையோ பேர் ஊரில் சந்தைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். மங்களா செத்த வீட்டுக்குப் போய், உடலைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மைக்கைத் தொடுவாள். அவள் சொன்னால் சனம் வெள்ளைச் சட்டையை எடுக்கும். "என்ரை வாய் ஒண்டுதான் அக்கா எனக்கு ஊரில இருக்கிற மரியாதை" என்று ஒருமுறை சொன்னாள். கலியாணத்தில் முகத்தைத் திருப்பியவர்களும் சாவு விழுந்தால் அவளுடைய வாசலுக்குத்தான் வரவேண்டும். அந்த மரியாதையைத்தான் அவள் சொன்னாள்.

3

நான் லீவில் போய் இறங்கியபோது பிரதேச சபைத் தேர்தல் சூடு பிடித்திருந்தது. எங்கள் வட்டாரத்தில் நின்றவர் ஒரு ரியூசன் வாத்தியார். ஊரில் பாதிப்பேருக்குக் கணிதம் படிப்பித்தவர், அதனால் எல்லோருக்கும் அவர் சேர். அவருடைய பதாகைகளில் ஒரே வசனம்தான் இருந்தது: "மனதில் பட்டதை வாய் திறந்து சொல்லுங்கள்." மங்களாவுக்கு அந்த வசனம் பிடித்துப்போயிற்று. முதலாவது கூட்டத்திலேயே எழும்பி, முந்திய சபைக்காரர் றோட்டுப் போட்ட அழகைப் பற்றி நாறக் கிழித்திருக்கிறாள். சேர் மேடையிலிருந்து கைதட்டினாராம். அவருடைய பழைய மாணவன் தவம்தான் பிரசாரத்துக்குப் பொறுப்பு. அவன் அதை வீடியோ எடுத்து, "ஊரின் உண்மைக் குரல்" என்று தலைப்புப் போட்டுப் பேஸ்புக்கில் விட்டான். அடுத்த நாளே செல்வராஜின் ஓட்டோ சேரின் பிரசார ஓட்டோவாகி, மங்களா அதில் ஏறிவிட்டாள்.

தவம் கெட்டிக்காரப் பொடியன். "அக்கா, நீங்கள் சாவுக்குச் சொல்லுற அந்த இழுவையிலயே சொல்லுங்கோ. அந்தக் குரலுக்குத்தான் சனம் படலைக்கு வரும்" என்றான். இவளும் மண்டையை ஆட்டிவிட்டு, "முள்ளியவளையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று இழுத்து, மூச்செடுத்து, சேரின் முழுப்பெயரையும் சொல்லியிருக்கிறாள். ஊர் வாசலுக்கு வந்தது. "ஐயோ, சேரோ! நேற்றுக் கண்டனான், நல்லாத்தானே இருந்தவர்! எப்ப பிரேதம் எடுக்கினமாம்?" என்று நாலைந்து பெண்கள் ஓட்டோவை மறித்துக்கொண்டார்கள். நான் வந்து இறங்கிய அன்று செல்வராஜ் இதை நடித்துக் காட்ட, வயிறு நோகச் சிரித்தோம்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். சேரின் அம்மா. வயது போனவர், இருதய வருத்தக்காரி. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனால் எங்களைக் கூப்பிட்டுத் தன் பாயில் இடம் தருகிற மனுசி. அவா படலைக்கு ஓடிவந்து, மகனின் பெயரை அந்தக் குரலில் கேட்டதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டா. மகன் பின்னால் நின்று, "அம்மா, நான் இஞ்சை நிக்கிறன், இஞ்சை பாருங்கோ" என்று தோளைப் பிடித்து உலுக்கியும் அவா திரும்பிப் பார்க்கவில்லையாம். ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாவாம். பிறகு மங்களாவின் கையைப் பிடித்து, "பிள்ளை, என்ரை மோன்ரை பேரை உந்தக் குரலில சொல்லாதை" என்று கேட்டிருக்கிறா. மங்களா போய்த் தவத்திடம் சொன்னாள். "நல்ல றெஸ்பொன்ஸ் அக்கா, மாத்த வேண்டாம்" என்று அவன் சொல்லிவிட்டான். அலையத் தேவையில்லை என்று சொல்லி, அவளை ஒரு பின்னேரம் முழுக்க இருத்திக் கதைக்கவைத்துப் பதிவும் செய்துகொண்டான்.

4

ஒரு நாள் நானும் ஓட்டோவில் போனேன், புதினம் பார்க்கிற ஆசையில். காலையில் செல்வராஜின் ஆட்கள் இருக்கிற குடியிருப்பில் சேர் பேசினார். "நான் வெண்டு வந்தால் முதல் வேலை உங்கட காணிக்குப் பேர்மிற். நீங்கள் இந்த மண்ணின்ரை பிள்ளையள்" என்றார். செல்வராஜின் தகப்பன் எழும்பி நின்று கும்பிட்டார். பின்னேரம் குளத்துக்கு மேற்கே, வயல்காரரும் மாட்டுக்காரரும் இருக்கிற பக்கத்தில் அதே சேர், அதே சட்டையோடு, "குளத்துக்குக் கீழ இருக்கிறது எங்கட மாடு மேயிற தரவை. அதை ஒருத்தருக்கும் எழுதிக் குடுக்க நான் விடமாட்டன்" என்றார். அங்கேயும் நல்ல கைதட்டல்.

செல்வராஜ் ஹான்டிலில் கையை வைத்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். மங்களா என்னைப் பார்த்தாள். "அக்கா, ரெண்டையும் கேட்டனீங்கள்தானே?"

"காதுதானே எனக்கு இருக்கு, கேட்டனான்."

"நான் கேக்கப்போறன். சேர்தானே வாய் திறந்து சொல்லச் சொல்லுறவர்."

நான் அவளைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் கேட்கிற ஆள் இல்லை அவள்.

அன்றிரவு வாசிகசாலை முன்றலில் கூட்டம். இரண்டு பக்கத்துச் சனமும் வந்திருந்தது. வரவேற்புச் சொல்ல மங்களாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சேர் கதிரையில் சாய்ந்துகொண்டு, "எங்கட பிள்ளை பயமில்லாமல் கதைக்கும்" என்று சனத்துக்குச் சொன்னார். அவள் வணக்கம் சொன்னாள். பிறகு திரும்பி, "சேர், குளத்துக்குக் கீழ இருக்கிற காணி காலமையில ஒரு ஆக்களுக்கு, பின்னேரம் இன்னொரு ஆக்களுக்கு எண்டு சொன்னீங்கள். ரெண்டு இடத்திலயும் நான் நிண்டனான். எது உண்மை எண்டு இப்ப எல்லாருக்கும்" என்றாள். அவ்வளவில் மைக் செத்தது.

அவள் நிறுத்தவில்லை. அவளுடைய வாய் அசைந்துகொண்டே இருந்தது. சத்தமில்லை. அந்த நேரம் பார்த்து றோட்டில் நின்ற இன்னொரு பிரசார ஓட்டோவின் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்கள். மேடையில் மங்களாவின் வாய் ஒன்றைச் சொல்ல, பின்னாலிருந்து மங்களாவின் குரல் வேறொன்றைச் சொல்லிற்று. "உங்கள் பொன்னான வாக்குகளை" என்று அது இழுத்தது. சனம் முன்னாலும் பின்னாலும் மாறி மாறித் திரும்பியது. என் கூடப்பிறந்தவளின் வாயிலிருந்து யாரோ சத்தத்தை உருவியெடுத்துத் தெருவில் விட்டது மாதிரி இருந்தது.

மேடையின் பின்பக்கத்தில் தவம் வியர்த்துக்கொண்டு நின்றான். "அக்கா, உங்களுக்கு விசரே? உதெல்லாம் வெளியில கதைக்கிற கதையே? உள்ளுக்க கதைக்கலாமே."

"வாய் திறந்து சொல்லச் சொல்லி நீதானே பதாகை கட்டினனி?"

"அது மற்றக் கட்சிக்காரரைப் பற்றிச் சொல்லுறதுக்கு அக்கா."

இதைச் சொல்லும்போது அவன் பகிடி விடவில்லை. அவனுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

5

அதற்குப் பிறகு மங்களா பிரசாரத்துக்குப் போகவில்லை. ஆனால் அவளுடைய குரல் போனது. செல்வராஜின் ஓட்டோ இல்லை, வேறு ஓட்டோ. முதல் இரண்டு நாளும் பழைய பதிவுதான். மூன்றாம் நாள் காலை நாங்கள் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். சந்தியில் திரும்பும்போதே குரல் கேட்டது.

"அன்பான உறவுகளே, நான் மங்களா கதைக்கிறன். அண்டைக்குக் கூட்டத்தில நான் சொன்னது கோவத்தில சொன்னது. சேரிட்டை நான் மன்னிப்புக் கேக்கிறன்."

மங்களா குனிந்தபடியே நின்றாள். "நான் இதைச் சொல்லேல்லை அக்கா."

"தெரியுமடி."

"நான் சொல்லவேயில்லை."

பிறகு அந்தக் குரல் சேரின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு எடுத்தது. அவளுடைய அதே மூச்சு. மங்களாவின் கையிலிருந்த நெல்லுக் கடகம் விழுந்தது. "மூச்சையும் எடுத்திட்டாங்கள்" என்றாள்.

அவர்களுடைய நாய் வாலை ஆட்டிக்கொண்டு படலைக்கு ஓடியது. ஓட்டோ போகிற பக்கம் கொஞ்சத் தூரம் பின்னாலேயே போனது. பிறகு திரும்பி வந்து மங்களாவைப் பார்த்தது. கிட்ட வரவில்லை. முற்றத்தின் நடுவில் நின்று, குரல் போன பக்கத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. எத்தனையோ பயங்கரங்களைக் கடந்து வந்தவள் நான். அந்த நாய் அவளைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

தவத்தின் வீட்டுக்குப் போனோம். நான் நன்றாக ஏசினேன், எழுத முடியாத சொற்களும் வந்தன. அவன் கதிரை தந்தான், தேத்தண்ணி தந்தான், மறுக்கவும் இல்லை. "அக்கா, நீங்கள் சொல்லவேண்டியதைத்தானே அது சொல்லுது. நீங்கள் வீட்டில ஆறுதலா இருங்கோ" என்றான். முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் இன்னும் அழகு. எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டு, "கதைக்கிறது உங்கட குரல் எண்டு நீங்களே சொல்லுறியள். பிறகு ஆருக்கு எதிரா முறைப்பாடு?" என்று கேட்டார். பிரதி எடுத்து வரச்சொன்னார், அடையாள அட்டை கேட்டார், மற்ற அலுவலகத்துக்குப் போகச் சொன்னார். டென்மார்க்கில் கொம்மூனவுக்கு, அதுதான் இங்கத்தைய சபைக்குப் போன் எடுத்தால் ஒரு பதிவுக் குரல் என்னை வரிசையில் நிற்பாட்டும். அங்கே உயிருள்ள மனுசர் அதே வேலையைச் செய்தார்கள்.

டென்மார்க்கில் இருக்கிற என்னுடைய மகன் அகிலனுக்கு வட்ஸ்அப்பில் எடுத்துக் கேட்டேன். அவனுக்குத் தமிழ் விளங்கும், கதைக்கிறது கல்லில் நார் உரிக்கிற மாதிரி. "அம்மா, அது ஈசி. கொஞ்சம் கதைச்சது இருந்தா காணும், மிச்சம் கொம்பியூட்டர் செய்யும்" என்றான். கொஞ்ச நேரத்தில் ஒரு ஒலித்துண்டு அனுப்பினான். நான் அதைத் தொட்டேன். "அகிலன், சாப்பிட்டியோ அப்பன்? குளிருக்க தொப்பி போடாமல் திரியாதை" என்று என்னுடைய குரல் என்னுடைய கைக்குள் இருந்து சொல்லிற்று. சுத்தமான தமிழ், என்னுடைய அதே அதட்டல். நான் அதைச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாத தமிழை என்னுடைய வாயில் போட்டு எடுத்திருக்கிறான்.

"அழிச்சுப் போடு அதை" என்று கத்தினேன்.

"ஏன் அம்மா? வைச்சிருக்கிறன். பிறகு வேணும்."

எதற்குப் பிறகு என்று நான் கேட்கவில்லை. மங்களா பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குடியிருப்பில் சனம் அவளோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டது. "எங்களுக்காகக் கேட்ட, பொறவு மன்னிப்பும் கேட்டுட்ட. நல்லா இரும்மா" என்று மாமனாரே சொல்லிவிட்டார். "மாமா, அது நானில்லை" என்று அவள் அழ, அந்த மனுசன் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார். கடையில், கோயிலடியில் எல்லாம் அவளைக் கண்டதும் கதை நின்றது. தெருவில் அந்தக் குரல் கூடக் கூட வீட்டில் இவளுடைய குரல் குறைந்துகொண்டே வந்தது. சோறு போடவா என்பதைக்கூடக் கையால் கேட்டாள். ஓட்டோ தெருவால் போகிறபோது, கதைத்துக்கொண்டிருப்பதைப் பாதியில் விட்டுவிட்டு, அது முடியும்வரை பொறுத்திருப்பாள்.

ஒருநாள் கிணற்றடியில் மெல்லமாகக் கேட்டாள்: "அக்கா, நாளைக்கு ஒரு சாவு விழுந்து நான் மைக் பிடிச்சால், சனம் வருமே?"

எனக்கு விடை தெரிந்திருந்தது. வாளியைக் கிணற்றுக்குள் விட்டேன்.

6

வாக்களிப்புக்கு முந்திய வாரம் சேரின் அம்மா மோசம் போனா. நித்திரையிலேயே போய்விட்டா, நல்ல சாவு. எங்களுக்கு அது காலையில் ஓட்டோவால்தான் தெரிந்தது. மங்களாவின் குரல், அதே இழுவை, அதே மூச்சு, பிறகு அந்த மனுசியின் பெயர். மங்களா முற்றத்தில் பல் தீட்டிக்கொண்டு நின்றவள், தான் பார்க்காத ஒரு பிணத்தைத் தானே அறிவிப்பதைக் கேட்டாள்.

ஊரில் ஒரு படலை திறக்கவில்லை. இத்தனை நாள் அந்தக் குரலில் எல்லாம் கேட்டுவிட்டார்கள். முதலில் சேர் செத்தார், பிறகு மங்களா மன்னிப்புக் கேட்டாள், இப்போது தாய். பேஸ்புக்கில் தவம் போட்ட படத்துக்குக் கீழே ஒருவன், "இதுவும் வோட்டுக்கோ?" என்று எழுதியிருந்தான். அதற்குச் சிரிப்பு முகங்களாக விழுந்துகொண்டிருந்தன.

வெயில் ஏறுகிற நேரம் தவம் வந்தான். வெள்ளைச் சட்டை, சவரம் செய்யாத முகம். படலைக்கு வெளியிலேயே நின்றான். "அக்கா, ஒருத்தரும் வரேல்லை. பந்தல் போட்டுக் கதிரை எல்லாம் அடுக்கியிருக்கு. சேர் தனிய அம்மான்ரை தலைமாட்டில இருக்கிறார். பறை அடிக்கிற ஆக்கள் வந்து நிக்கினம், அவையளும் சிரிக்கினம். நீங்கள் ஒருக்கா வாங்கோ."

"எதுக்கு வாறது?" நான் முந்திக்கொண்டேன். "உங்களிட்டைத்தானே அவளின்ரை குரல் இருக்கு. அதைக் கொண்டுபோய் ஒப்பாரி வையுங்கோவன்!"

அவன் தலையைக் குனிந்தான். மங்களா கிணற்றடியில் கால் கழுவினாள், சேலை மாற்றினாள். "விசரி, எங்கை போறாய்?" என்று கத்தினேன். செல்வராஜ் ஓட்டோவைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். "செத்தவங்க என்ன செஞ்சாங்க அக்கா? அவங்கதானே அந்தக் குரல்ல சொல்ல வேணாம்னு சொன்னவங்க" என்றார். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

செத்த வீட்டில் நூறு பேர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கதிரைகள். காற்றுக்குப் பந்தல் துணி அடித்துக்கொண்டிருந்தது. மங்களா உள்ளே போய் அந்த மனுசியின் முகத்தைப் பார்த்தாள், காலைத் தொட்டுக் கும்பிட்டாள். சேர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் வெளியே வந்து மைக்கை எடுத்தாள். தவம் செல்வராஜின் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினான், நான் பின்னால் மங்களாவோடு.

அவள் சொன்னாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய் திறந்து, மனம் உருகிச் சொன்னாள். ஒரு தெரு, இன்னொரு தெரு. படலைகள் பூட்டியபடியே கிடந்தன. வேலிக்கு மேலால் ஒரு தலை தெரியும், எங்களைக் கண்டதும் மறையும். ஒரு வீட்டில் ரேடியோவைக் கூட்டி வைத்தார்கள். அவள் மூச்செடுக்கிற இடத்தில் முன்பெல்லாம் தெரு நிற்கும் என்று சொன்னேனே, இப்போது அந்த மூச்சைக் கேட்டதும் ஆட்கள் உள்ளே போனார்கள். உயிரோடு இருக்கிற மனுசியை ஆவி என்று நினைத்து ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கினார்கள்.

பொன்னம்பலம் அண்ணையின் வீட்டடியில் அவர் மட்டும் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு வெளியே நின்றார். தரவையில் மாடு விடுகிறவர்களில் பெரிய ஆள். சேரின் பின்னேரக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து கைதட்டினவர். மங்களா ஓட்டோவை நிற்பாட்டச் சொன்னாள். மைக்கைச் சீற்றில் வைத்துவிட்டு இறங்கி அவருக்கு முன்னால் போய் நின்றாள். நானும் தவமும் பின்னால் போனோம்.

"அண்ணை, சேரின்ரை அம்மா மோசம் போட்டா. நான் கண்ணால பாத்திட்டு வாறன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, இப்ப கதைக்கிறது நீயோ, அதுவோ?"

"நான்தான் அண்ணை. முன்னால நிக்கிறன், பாருங்கோவன்."

"நீ நிக்கிறாய், அது தெரியுது. கதைக்கிறது ஆர் எண்டு கேக்கிறன். அதுவும் நான் மங்களா எண்டுதானே சொல்லுது. உன்ரை வாயில இப்ப ஆரின்ரை கதை வருகுதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

மங்களா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. நான் அவளுடைய அக்கா என்று சாட்சி சொல்லலாம், அதனால் என்ன ஆகும்? அவள் திரும்பவும் அவரைப் பார்த்தாள். தவம் நிற்பதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

"அண்ணை, குளத்துக்குக் கீழ இருக்கிற காணியைத் தரவையா வைச்சிருப்பன் எண்டு சேர் உங்களுக்குச் சொன்னவர். அதே நாள் காலமை, அந்தக் காணிக்குப் பேர்மிற் தருவன் எண்டு என்ரை மாமா ஆக்களுக்குச் சொன்னவர். ரெண்டையும் நான் காதால கேட்டனான். ஒருத்தரிட்டையும் நான் மன்னிப்புக் கேக்கேல்லை. கேக்கவும் மாட்டன். உங்களுக்கு மாடு, அவையளுக்கு வீடு. அவர் உங்களையும் ஏமாத்தினவர், அவையளையும் ஏமாத்தினவர். அவரின்ரை தாய் நல்ல மனுசி. அவா செத்துப்போனா. வாங்கோ அண்ணை."

பொன்னம்பலம் அண்ணை கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார். தவத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மங்களாவை.

"ஓம். இது நீதான். அது சேரைப் பற்றி உப்பிடிக் கதைக்காது."

உள்ளே போனார். "எடியேய், அந்த மனுசி மெய்யாத்தான் செத்துப்போச்சாம்" என்று பெண்சாதிக்குச் சொல்வது கேட்டது. வெள்ளைச் சட்டையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்து சைக்கிளை எடுத்தார். நாங்கள் ஓட்டோவில் ஏறினோம். மங்களா மைக்கை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தாள்.

அடுத்த வீட்டுப் படலையும் பூட்டியிருந்தது, வேலிக்குப் பின்னால் ஆட்கள் நிற்பது தெரிந்தது. செல்வராஜ் ஓட்டோவை மெதுவாக்கினார். தவம் முன்னாலிருந்து திரும்பவேயில்லை. கழுத்து வியர்வையைத் துடைத்தான். தொண்டையைச் செருமினான்.

"அக்கா, அந்தக் காணிக் கதையை இந்தப் படலையிலயும் ஒருக்காச் சொல்லுங்கோ. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ."